சக்கரத்தில் பிரேக் தூசி அதிகமா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

"கழுவி நாலு நாள்கூட ஆகவில்லை, அலாய் வீல் மறுபடியும் கறுத்துவிட்டது" என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நாலு சக்கரமும் ஒரே மாதிரி கறுத்திருக்கிறதா? பலருக்கு இதற்குப் பதில் தெரியாது. பார்ப்பதற்கு முன்பே கழுவிவிட்டிருப்பார்கள். அந்தக் கறுப்போடு சேர்ந்து துப்பும் போய்விடுகிறது. எவ்வளவு தூசி என்பதைவிட எந்தச் சக்கரத்தில், என்ன நிறத்தில், என்ன பதத்தில் என்பதுதான் கோளாறைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே இன்று கழுவ வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு நாலு வெள்ளைக் காகிதத் துண்டுகளை எடுங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரே இடத்தில், ஒரே ஆரக்காலில், ஒரே ஒரு இழுப்பு. எது எந்தச் சக்கரம் என்று ஓரத்தில் பேனாவால் எழுதி, நாலையும் தரையில் வரிசையாக வையுங்கள். கண்ணால் சக்கரத்தைப் பார்த்தபோது தெரியாத வித்தியாசம் காகிதத்தில் பளிச்சென்று தெரியும். பிறகு அந்தத் தூளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்துப் பாருங்கள். உலர்ந்த மாவு போல இருக்கிறதா, பிசுபிசுக்கிறதா, நறநறக்கிறதா? பதிலுக்கு ஏற்ற தலைப்புக்குக் கீழே போய்விடலாம்.

ஒரு எச்சரிக்கை. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், உலர்ந்த துடைப்பத்தால் தட்டவும் வேண்டாம். நுரையீரலுக்குள் போகிற அளவுக்குப் பொடியானது அது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் உராய்வுப் பட்டைதான் பேட்; பழைய கார்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பேட்கூட இருக்கலாம். சுத்தம் செய்யும்போது எப்போதும் ஈரப்படுத்திவிட்டே துடையுங்கள்.

## முன் சக்கரம் இரண்டும் சமமாகக் கறுப்பு, பின் இரண்டும் பரவாயில்லை

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்கிறது, முன் பிரேக்தான் அதிகம் உழைக்கிறது. பின்னால் டிரம் பிரேக் என்றால் அங்கே உண்டாகும் தூசி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும், வெளியே தெரியாது. ஆனாலும் வழக்கத்தைவிட அதிகம் என்று தோன்றினால் கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

முதலில் பெடல். தரைவிரிப்பு மடங்கி பெடலின் மேல் ஏறி அதை அழுத்துகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுபவர்களில் சிலருக்கு இடது கால் பிரேக் பெடலிலேயே உட்கார்ந்திருக்கும், அவர்களுக்கே தெரியாது. பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வரச்சொல்லி, பிரேக் விளக்கு காரணமில்லாமல் எரிகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். மலை இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்குவதும் இதே கறுப்பைத் தரும்.

அடுத்து பேட்டின் கலவை. லோ-மெட்டாலிக் பேட்கள் நன்றாகப் பிடிக்கும், தூசியும் நிறையக் கொட்டும். செராமிக் பேட் குறைவாகக் கொட்டும்; கொட்டுவதும் வெளிர் நிறம் என்பதால் கண்ணில் படாது. செமி-மெட்டாலிக் பேட் கறுப்பாகக் கொட்டும், ஆனால் சூட்டைத் தாங்கும். தூசிக்காகப் பேட்டை மாற்றுவது தவறில்லை. மாற்றும் முன் பேட்டின் விளிம்பில் அச்சிட்டிருக்கும் ஆங்கில எழுத்துக் குறியீட்டைப் படியுங்கள். அதன் கடைசி இரண்டு எழுத்துகள் உராய்வின் அளவைச் சொல்பவை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும், இரண்டாவது அதிகச் சூட்டிலும் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. கம்பெனி பேட்டில் 'ஜிஜி' இருந்த இடத்தில், தூசி குறையும் என்பதற்காக 'இஇ' போட நான் சம்மதிக்க மாட்டேன். சக்கரம் கறுத்தால் கழுவிக்கொள்ளலாம். பாரம் ஏற்றி மலை இறங்கும்போது பிடிப்பு குறைந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சக்கரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டும் தூசித் தடுப்புத் தட்டுகளை வாங்காதீர்கள். டிஸ்க் சூடு தணியக் காற்று வேண்டும், அந்தத் தட்டு அதைத்தான் மறிக்கிறது.

கடைசியாக, இரண்டு முன் பிரேக்கும் லேசாகப் பிடித்தபடியே இருக்கலாம். பிரேக்கே போடாமல் ஓட்டி வந்த பிறகும் இரண்டு சக்கரமும் சுட்டு, பெடலும் வழக்கத்தைவிட மேலேயே கெட்டியாக நின்றால் சந்தேகம் பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மேலும், அதைத் தள்ளும் கம்பியின் அளவின் மேலும் விழ வேண்டும். அதை வீட்டில் தொட வேண்டாம், மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

## பேட் மாற்றிய நாளிலிருந்து தூசி

புதுப் பேட் டிஸ்க்கோடு படியும்வரை, அதாவது முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, தூசி அதிகமாகத்தான் இருக்கும். பேட் பெட்டியில் பழக்கும் முறை எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால், காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு மிதமாகக் குறைப்பதை எட்டு, பத்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே சூடு ஆறக் கொஞ்சம் ஓட்டுங்கள். சூடான டிஸ்க்கில் பேட்டை அழுத்திப் பிடித்தபடி நிற்காதீர்கள். அந்த இடத்தில் தடம் விழுந்து பிறகு பெடல் அதிரும்.

ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் குறையவில்லை என்றால் டிஸ்க்கைப் பாருங்கள். நகத்தை அதன் முகத்தில் குறுக்கே இழுத்தால் வரிவரியாகத் தட்டுகிறதா? அந்த வரிகள் புதுப் பேட்டை அரம் மாதிரி ராவிக்கொண்டிருக்கின்றன. விளிம்பில் உயர்ந்த கரை இருந்தால் அதுவும் பேட்டின் ஓரத்தைத் தின்னும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். கடைசலில் கொடுத்துச் சமப்படுத்திய பிறகும் அந்த அளவுக்கு மேல் நிற்குமா என்று மெக்கானிக்கை அளக்கச் சொல்லுங்கள். நிற்காது என்றால் புது டிஸ்க்தான், அதுவும் ஜோடியாக.

## ஒரு சக்கரம் மட்டும் கறுப்பு

இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு வண்டியில் முன் வலது சக்கரம் கரி பூசியது போல வந்தது. அந்தப் பக்கக் காலிபரை (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) ஏற்கனவே வேறொரு இடத்தில் புதிதாக மாற்றியிருந்தார்கள், பத்தே நாளில் பழைய கதை. நான் கறுத்த வலதை விட்டுவிட்டு, சுத்தமாக இருந்த இடது சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத்தான் பளபளப்பு. அதற்கு உள்ளேயும் வெளியேயும் செம்பழுப்புத் துரு, தடவினால் கையில் ஒட்டியது. பேட்டைத் தள்ளும் காலிபர் பிஸ்டன் இறுகிப்போய், அந்தப் பக்கம் பிரேக் பிடிப்பதே பேருக்குத்தான். வலது சக்கரம் இரண்டு பேர் வேலையைத் தனியாகச் செய்து கறுத்திருந்தது. குற்றவாளி சுத்தமான சக்கரம். அன்றிலிருந்து, ஒரு பக்கக் கறுப்பு என்றால் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் நான் முடிவு சொல்வதில்லை.

எந்தப் பக்கம் கோளாறு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, கடைசிப் பகுதியில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். புறங்கையைச் சக்கரத்துக்கு அருகே கொண்டுபோங்கள், தொடவேண்டாம். இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் ஆரக்கால் வழியாக இரண்டு டிஸ்க்கிலும் ஒரே இடத்தை அளங்கள். பளபளப்பான முகத்தில் அது குறைத்துக் காட்டும். பேட் படாத, துருப்பிடித்த நடுப்பகுதியைக் குறிபாருங்கள்.

### கறுத்த பக்கம் மட்டும் கொதிக்கிறது, பிரேக் போடாமலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கிறது

கறுத்த பக்கம் பிரேக் விடுவதில்லை என்று பொருள். மைலேஜும் குறைந்திருக்கும். சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கை நீட்டாதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மெல்லிய 'சர்ர்' ஓசை வருவது இயல்பு. கையை எடுத்தவுடன் சட்டென்று நின்றுவிட்டால், அல்லது இரு கையாலும் திருக வேண்டியிருந்தால், பிரேக் பிடித்திருக்கிறது.

செலவில்லாத காரணம் பேட்டே தன் இடத்தில் துருவால் சிக்கிக்கொள்வது. பேட்டின் காது உட்காரும் பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள். பேட்டைக் கையால் தள்ளினாலே நகர வேண்டும், சுத்தியலால் தட்டி இறக்கும் நிலை இருக்கக்கூடாது.

அடுத்து ஸ்லைடு பின், அதாவது காலிபர் நகர்ந்துகொடுக்க உதவும் கம்பி. இதில்தான் அதிகம் மாட்டுகிறது என்பது என் அனுபவம். காலிபரைக் கழற்றி, அதை ஒரு கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள்; பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். ஸ்லைடு பின் இரண்டையும் விரலால் அழுத்தி இழுங்கள். நல்ல பின் வழுக்கிக்கொண்டு வரும், விட்டால் உள்ளிருக்கும் காற்று லேசாகத் திருப்பி இழுக்கும். வராத பின் துருவேறியோ, பழைய கிரீஸ் மெழுகாகியோ இருக்கும். அதன் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று விரித்துப் பாருங்கள், அந்த வழியாகத்தான் தண்ணீர் போயிருக்கும். பின்னைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம். அது ரப்பரை ஊதவைத்து, சில மாதத்தில் ஸ்லைடு பின் முன்னைவிட இறுகிவிடும். மேல் பின்னும் கீழ் பின்னும் பல வண்டிகளில் வேறு வேறு, மாற்றிப் போடாதீர்கள்.

கழற்றிய பேட்களும் பேசும். உள் பேட் தேய்ந்து வெளிப் பேட் தடிமனாக இருந்தால் ஸ்லைடு பின் சிக்கல்தான் முதல் சந்தேகம். ஒரே பேட் ஒரு முனையில் ஆப்பு போலத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் நிற்கிறது. உள்ளும் வெளியும் சமமாகத் தேய்ந்து, எதிர்ப்பக்கச் சக்கரத்தில் மட்டும் பேட் புதிதுபோல இருந்தால் பின்னை விட்டுவிட்டு ஹோஸையும் பிஸ்டனையும் நினையுங்கள்.

சக்கரம் இறுகி நிற்கும்போது பிரேக் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளை லேசாகத் திறந்தால் இரண்டில் ஒன்று தெரியும். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருந்தது: ஹோஸ் உள்ளுக்குள் வீங்கியிருக்கிறது, வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டன் துருவில் இறுகியிருக்கிறது. நிப்பிளைத் திறந்தால் பிறகு காற்று எடுக்க வேண்டும். அதைச் செய்து பழக்கமில்லாதவர்கள் ஸ்லைடு பின்னோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பேட்டைத் திரும்ப மாட்டப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் தொட்டி நிரம்பி வழியும். அது பெயின்ட்டை உரித்துவிடும், பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும். எல்லாம் மாட்டியபின், வண்டியை ஒரு அடி நகர்த்தும் முன் பெடலை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். மூன்றாவது, நாலாவது மிதியில்தான் கெட்டியாகும். இதை மறந்து நகர்த்தினால் பிரேக் இருக்காது. நட்டுகளைக் குறுக்குமறுக்காக, கையேட்டில் சொன்ன முறுக்கில் இறுக்குங்கள்.

### கறுத்த பக்கம் தனியாகக் கொதிக்கவில்லை, பிரேக் போட்டால் மட்டும் அந்தப் பக்கம் இழுக்கிறது

மேலே சொன்ன கதை இதுதான். சுத்தமான பக்கத்தைக் கழற்றி அதே வரிசையில் பாருங்கள்: பேட் காது, பின், ஹோஸ், பிஸ்டன். டிஸ்க்கில் துரு வளையம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிரேக் ஒரு பக்கம் வேலை செய்யாத வண்டியை நெடுஞ்சாலையில் எடுக்கக்கூடாது, ஈரத்தில் அழுத்தினால் வண்டி சுழன்றுவிடும்.

எந்தப் பக்கம் ஆனாலும் சக்கரத்திலிருந்து புகையோ கருகல் நாற்றமோ வந்தால் ஓரமாக நிறுத்தி அப்படியே ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் விரிசல் விடலாம். அங்கிருந்து வண்டியைத் தூக்கித்தான் போக வேண்டும்.

## பின் சக்கரங்களில்தான் அதிகம்

நாலு பக்கமும் டிஸ்க் உள்ள சில புதிய வண்டிகளில், மென்மையான பிரேக்கிங்கின்போது கணினி பின் பிரேக்குக்குக் கூடுதல் வேலை கொடுக்கிறது. தானாக இடைவெளி காக்கும் குரூஸ் கன்ட்ரோலும் அடிக்கடி தொட்டுத்தொட்டுப் பிடிக்கும். வாங்கிய நாளிலிருந்தே இரண்டும் சமமாகக் கறுத்தால் விட்டுவிடலாம்.

புதிதாக ஆரம்பித்தது என்றால் ஹேண்ட் பிரேக். லீவரை முழுதாக இறக்கிவிட்டு, காலிபருக்குப் பின்னால் கேபிள் இழுக்கும் சிறு கை தன் நிறுத்தத்தில் போய் முட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாதியில் நின்றால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்திருக்கிறது. கேபிள் மாற்றுவது பெரிய செலவில்லை. அந்தக் கையே இறுகியிருந்தால் காலிபர் வேலை. பொத்தானால் இயங்கும் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் பின் பிஸ்டனை நீங்களாகத் தள்ளாதீர்கள். ஸ்கேனரால் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அதைத் தொட வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் மோட்டார் உடையும்.

## தூசி பிசுபிசுக்கிறது

பிரேக் தூசி உலர்ந்தது. பிசுபிசுத்தால் அதில் வேறு ஏதோ கலக்கிறது. சக்கரத்தின் உட்பக்கத்தையும் டயரின் உள் சுவரையும் பாருங்கள். கெட்டியான கறுப்பு கிரீஸ் நடுவிலிருந்து வெளியே தெறித்த கோடுகளாக இருந்தால் ஆக்ஸில் பூட், அதாவது ஆக்ஸில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை, கிழிந்திருக்கிறது. சில நாளில் சரிசெய்தால் பூட்டோடு போகும், விட்டால் ஜாயின்ட்டும் போய்விடும். வண்டியை முழுதாகத் திருப்பும்போது 'டக் டக்' சத்தம் வந்துவிட்டால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

நீர்த்து, வழவழப்பாக, சக்கரப் பெயின்ட் கொப்புளித்திருந்தால் அது பிரேக் ஆயில். தொட்டியில் அளவு இறங்கியிருக்கும். இங்கே சோதனை, கிளை எதுவும் இல்லை: வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள். ஆயில் ஊறிய பேட்டைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

## தூள் வெள்ளியாக மினுங்குகிறது, நறநறக்கிறது

பேட் தீர்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கிறது. அதற்கு முன் பல நாள் 'கீச்' என்று எச்சரிக்கைத் தகடு கத்தியிருக்கும். பேட்டின் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றியிருந்தால் பேட் செலவோடு போயிருக்கும். இப்போது டிஸ்க்கும் சேரும். ஆரக்கால் வழியாகப் பார்த்தால் வெளிப் பேட் மட்டுமே தெரியும். அது தடிமனாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், முதலில் தீர்வது பெரும்பாலும் உள் பேட்தான்.

சத்தம் மட்டும் தகரம் உரசுவது போல இருந்து பேட் நன்றாக இருந்தால், டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகட்டுக் கவசம் வளைந்து தொடுகிறதா என்று பாருங்கள். சிறு கல் சிக்கியிருக்கலாம். கவசத்தை விரலால் வளைத்துவிட்டால் போதும்.

## கழுவியும் போகாத கறை

சூடாகப் பறந்துவந்த இரும்புத் துகள் பெயின்ட்டில் பதிந்து, ஈரம் பட்டுத் துருவாகிறது. பழுப்புப் புள்ளிகள் அதுதான். ஷாம்பு எத்தனை முறை போட்டாலும் போகாது, எமரித் தாள் கொண்டு தேய்த்தால் சக்கரம் கெடும்.

சக்கரம் முழுதாக ஆறியிருக்க வேண்டும், வெயிலில் செய்யாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம். முதலில் தண்ணீரால் நன்றாக அலசி, ஷாம்பு நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். இந்த வாளியையும் துணியையும் வண்டியின் உடம்புக்குப் பயன்படுத்தாதீர்கள், இரும்புத் துகள் பெயின்ட்டில் கீறும். பிறகு அமிலமில்லாத அயர்ன் ரிமூவரைத் தெளியுங்கள். இரும்பைத் தொட்ட இடமெல்லாம் ஊதா நிறமாகக் கசிந்து வழியும். அழுகிய முட்டை நாற்றம் வரும், பயப்பட வேண்டாம். மூன்று முதல் ஐந்து நிமிடம் விடலாம், ஆனால் காயவிடக்கூடாது. அலசிவிட்டு இன்னொரு முறை தெளியுங்கள். இரண்டாம் முறை ஊதா வரவில்லை என்றால் இரும்பு போய்விட்டது. மிச்சமிருக்கும் சொரசொரப்புக்கு, கார் பெயின்ட்டைச் சுத்தம் செய்யவென்றே விற்கும் களிமண் கட்டி (கிளே பார்).

கடும் அமிலத்தில் செய்த வீல் கிளீனர் வேகமாக வெளுக்கும், சக்கரத்தின் மேல்பூச்சையும் சேர்த்து வெளுத்துவிடும். குரோம் சக்கரத்திலும் பூச்சில்லாத அலுமினியத்திலும் அதைத் தொடவே வேண்டாம். சுத்தமான பிறகு மெழுகோ செராமிக் கோட்டிங்கோ போட்டால் தூசி படிவது நிற்காது, ஆனால் அடுத்த முறை தண்ணீருக்கே பெரும்பகுதி வந்துவிடும். எந்தப் பேட் போட்டாலும் வாரம் ஒரு முறை அலசுவதுதான் நான் பார்த்ததிலேயே மலிவான காப்பு.

மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோலக் கோடுகள் தெரிந்தால் அது தூசியல்ல, அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கிறது. எந்தத் திரவத்தாலும் போகாது, பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசும் இடத்துக்குத்தான் கொடுக்க வேண்டும்.

## கழுவிய மறுநாள் டிஸ்க்கில் ஆரஞ்சுத் துரு

டிஸ்க் வார்ப்பிரும்பு, ஈரம் பட்டால் சில மணி நேரத்திலேயே மெல்லிய துரு படரும். கழுவியதும் கொஞ்ச தூரம் ஓட்டி, இரண்டு மூன்று முறை லேசாகப் பிரேக் போட்டு உலர்த்தி நிறுத்துங்கள். மின்சார வண்டியிலும் ஹைபிரிட்டிலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் தூசி குறைவு, ஆனால் டிஸ்க் உராயாமல் துரு தங்கிவிடும். வாரம் ஒரு முறையாவது பாதுகாப்பான இடத்தில் பெடலைச் சற்று அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் ஒரே ஒரு டிஸ்க்கில் துரு வளையம் நீங்காமல் நின்றால் 'ஒரு சக்கரம் மட்டும் கறுப்பு' பகுதிக்குத் திரும்புங்கள். எதிர்ப்பக்கச் சக்கரம் சீக்கிரமே கறுக்கத் தொடங்கும்.